அம்மோனியா எலக்ட்ரோடு ரீடிங் நிற்காமல் ஓடுகிறது, புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?

தொண்டிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறீர்கள், குளத்துத் தண்ணீரில் அம்மோனியாவை அளக்கும் எலக்ட்ரோடின் ரீடிங் ஒரே இடத்தில் நிற்கவில்லை, விற்றவர் எலக்ட்ரோடையே மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். தேவிபட்டினம் அருகே ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். போய்விட்டது என்று எங்களிடம் வந்த பல எலக்ட்ரோடுகள் நன்றாகத்தான் இருந்தன.

எலக்ட்ரோடின் நுனியில் இருக்கும் வெள்ளை டெஃப்லான் மெம்பரேன் (மெல்லிய சவ்வு) வழியாக அம்மோனியா வாயு உள்ளே போய், உள்ளிருக்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலின் பிஎச்சை மாற்றுகிறது. கண்ணாடிக் குமிழ் அளப்பது அந்தப் பிஎச்சைத்தான். அதனால் கோளாறு மெம்பரேனிலா, கரைசலிலா, கண்ணாடியிலா என்று தனித்தனியே பார்த்துவிடலாம்.

முதலில் குளத்துத் தண்ணீரை ஓரமாக வையுங்கள். 100 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் காரக் கரைசல் (காஸ்டிக் சோடா) 2 மி.லி., 1000 பிபிஎம் ஸ்டாண்டர்ட் (அம்மோனியா அளவு முன்பே தெரிந்த கரைசல்) 1 மி.லி. விட்டு, கலக்கிக்கொண்டே மில்லிவோல்ட்டைக் குறியுங்கள். அதிலேயே இன்னும் 10 மி.லி. ஸ்டாண்டர்ட் விட்டு மறுபடி குறியுங்கள். 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இரண்டுக்கும் 54 முதல் 60 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் வந்தால் எலக்ட்ரோடு நல்லது.

வராவிட்டால் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கண்ணாடியைக் கழுவி, பிஎச் 7 பஃபரிலும் (பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல்) அப்புறம் பிஎச் 4 பஃபரிலும் வைத்து மில்லிவோல்ட்டைப் பாருங்கள். இரண்டு பஃபரிலும் 100 மி.லி.க்கு 0.6 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்திருக்க வேண்டும். குளோரைடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளிக்கம்பி சரியாகப் பேசாது. 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் சட்டென்று வந்தால் கண்ணாடி நன்றாக இருக்கிறது, மெம்பரேனையும் கரைசலையும் மாற்றினால் போதும். புது மெம்பரேனை விரலால் தொடாதீர்கள். தண்ணீரில் இறக்கும்போது கொஞ்சம் சாய்த்தே பிடியுங்கள், நேராக நிறுத்தினால் அடியில் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்து உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துப் போகும், அதையும் துடைத்துப் பாருங்கள்.

டிஸ்டில்டு வாட்டரில் சரியாக இருந்து குளத்துத் தண்ணீரில் மட்டும் ஓடுகிறதா? அப்படியானால் எனக்குச் சந்தேகம் மெக்னீசியத்தின் மேல்தான். வாயு முழுதாக வெளிவர பிஎச் 11க்கு மேல் போக வேண்டும். கடல் தண்ணீரில் காஸ்டிக் சோடா விட்டதும் கஞ்சி மாதிரி வெளுக்கிறதே, அது மெக்னீசியம் காரத்தை எடுத்துக்கொள்வது. 100 மி.லி. கடல் தண்ணீரில் இருக்கும் மெக்னீசியம் மட்டுமே 10 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் கரைசலில் 1 மி.லி.க்கும் மேல் குடித்துவிடும். நல்ல தண்ணீருக்குச் சொன்ன அளவையே இங்கேயும் விட்டால் பிஎச் பாதி வழியில் நின்றுவிடும், வெள்ளைப் படிவு மெம்பரேனிலும் ஒட்டும். மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்த காரக் கரைசல் வாங்குங்கள். விட்ட பிறகு பிஎச் தாளால் ஒருமுறை பாருங்கள். ஸ்டாண்டர்டையும் உங்கள் குளத்து அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் தயாரியுங்கள்.

இன்னொன்று, நானே செய்த தவறு. பத்து பீக்கரிலும் வரிசையாகக் காரத்தை விட்டு வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தேன். கடைசி பீக்கர்கள் எப்போதும் குறைவாகவே காட்டின. ஒரு நாள் வரிசையைத் திருப்பி அளந்தபோதுதான் புரிந்தது: காத்திருக்கும் நேரத்தில் அம்மோனியா காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதற்குள், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று என் பேச்சை நம்பிய ஓர் அண்ணன், குளத்தில் இறால் தீவனம் எடுக்கவில்லை என்று வந்து நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பீக்கருக்குக் காரம் விட்டால் அதை அளந்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன்.

மீட்டர் காட்டுவது நைட்ரஜன் கணக்கிலா அம்மோனியா கணக்கிலா என்றும் பாருங்கள். நைட்ரஜன் கணக்கை 1.22ஆல் பெருக்கினால் அம்மோனியா.

எலக்ட்ரோடு சரியாகும் வரை தீவனத்தைக் குறைத்து, ஏரேட்டரை ஓட விடுங்கள். சாயங்காலம் குளத்துப் பிஎச் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மொத்த அம்மோனியாவில் இறாலைக் கொல்லும் வாயு வடிவம் பிஎச் 8ல் சுமார் 5 சதவீதம்தான், 9ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடும். டிஸ்டில்டு வாட்டரில் குறித்த அந்த இரண்டு மில்லிவோல்ட் எண்ணையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.