கணவாய்க்குப் போய் டீ ஊத்துங்க

அண்ணா,

நான் வேல்ஸ்ல, ஸ்வான்சீல இருக்கேன். வீக்கெண்ட் ஆனா என் எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போய் சின்னச் சின்ன மலையா ஏறி லிஸ்ட்ல டிக் அடிக்கிறதுதான் எங்க பொழுதுபோக்கு. நாங்க ஏறின ஒரு மலையை இப்ப ‘அ பெட்வாரை’ங்கிற, வேல்ஸ்ல நானூத்திச் சொச்சம் மீட்டர் உயர மலைங்களோட லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டாங்க. ஃப்ளைட்ல இருந்து லேசர் அடிச்சு அளந்தாங்களாம், 30 மீட்டர் டிராப் இருக்கணுமாம், இதுக்கு 29.4 தானாம். பையன் அழுதுட்டான். மலையை டிமோட் பண்ண இவங்க யாரு? டிக்கை அழிக்கணுமா வேணாமா? அப்புறம், ஈரத்துக்குத் தாங்குற மாதிரி நல்ல ஷூ ஒண்ணு சொல்லுங்க.

எஸ்.

எஸ்,

ஷூவைப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க, நான் இருபது வருஷமா நனைஞ்ச சாக்ஸோடதான் நடக்குறேன். பையன் அழுதான்னு எழுதினீங்க பாருங்க, அதுக்காகத்தான் உக்காந்து எழுதுறேன். நானும் பத்து நாளா இந்த டிராப் சமாச்சாரத்தைத்தான் மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தேன்.

மொதல்ல திட்டிடுறேன். டிமோட்டா? மலை என்ன ஆபீஸ் கிளார்க்கா? ‘இவங்க யாரு’ன்னு வேற. சம்பளம் இல்லாம, லீவு நாள்ல மழையில நின்னு அளக்குற ஆளுங்க. 2008ல மூணு பேர் ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிட்டு வேல்ஸ்ல மனித் கிரைக் கோக்ங்கிற குன்று மேல ஏறினாங்க, மேப்ல அதுக்கு 609 மீட்டர், ‘மலை’ன்னு ஒத்துக்க 2000 அடி வேணும், அதாவது 609.6, இவங்களுக்குக் கிடைச்சது 609.75. எல்லையைத் தாண்டினது ஒரு சாணுக்கும் கம்மி, ஆனா அன்னைக்கு அது ‘மலை’ ஆயிடுச்சு. (வெல்ஷ்ல ‘மனித்’னாலே மலைதான், ஊர்க்காரங்க யாரையும் கேக்காம எப்பவோ அந்தப் பேரை வெச்சாச்சு, அது வேற கதை.) 2010ல கிளிடர் வார்ங்கிற இன்னொரு மலை, மறுபடி அளந்தப்ப 999 மீட்டர்ல இருந்து 1000.8 ஆச்சு. ஏத்தினா கைதட்டுவோம், எறக்கினா மட்டும் யாருடா நீன்னு கேப்போமா?

உங்க லெட்டர் பூரா ஏறினோம், டிக் அடிச்சோம். கணவாய்ங்கிற வார்த்தை ஒரு எடத்துல கூட இல்ல. எனக்குக் கோவமே அதுலதான். டிராப்னா என்ன? ஒரு உச்சியில நிக்குறீங்க, அதைவிட உயரமான இன்னொரு மலைக்குப் போகணும், எந்த வழியா போனாலும் கொஞ்சமாவது எறங்கித்தான் ஆகணும், இருக்குறதுலயே கம்மியா எறங்குற வழி எதுன்னு பாத்து அதுல ரொம்பத் தாழ்வான எடத்தைப் புடிச்சா அதுதான் கணவாய். வெல்ஷ்ல ‘பூல்க்’. அங்க இருந்து உச்சி வரைக்கும் உள்ள உயரம்தான் அந்த முப்பது மீட்டர். உச்சிக்கு பெரும்பாலும் மேப்ல ஒரு நம்பர் இருக்கும். கணவாய்க்கு பல நேரம் ஒண்ணும் இருக்காது, பத்து பத்து மீட்டருக்கு ஒரு கோடு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல கண்ணை மூடிட்டு பாதின்னு வெச்சுக்கிறது. இப்படியோ அப்படியோ அஞ்சு மீட்டர் தப்பும். ஆக உங்க மலையோட முப்பது எப்பவுமே ஒரு குத்துமதிப்புதான். லேசர் வந்து உச்சியில எதையும் வெட்டல, கீழ இருந்த அந்தக் காலி எடத்துக்கு நம்பர் போட்டுச்சு, அவ்ளோதான்.

ரொம்ப வருஷம் முன்னாடி மத்திய வேல்ஸ்ல ரிட்டையர் ஆன ஒரு இன்ஜினியர் தாத்தா கூட அளக்கப் போயிருக்கேன். அவர் லெவல் கருவியில கண்ணை வெச்சிருப்பார், நான் அளவுக்கோலைப் புடிச்சுட்டு நிக்கணும். கணவாய் பூரா கோரைப்புல்லும் சேறும், எது ரொம்பத் தாழ்வுன்னு கண்ணுக்குத் தெரியவே இல்ல. இங்க வை, ரெண்டடி தள்ளி வை, இன்னும் தள்ளுன்னு ஒன்றரை மணி நேரம், எனக்கு முட்டி வரைக்கும் சேறு, மனசுக்குள்ள அவரைக் கண்டபடி திட்டிட்டு இருந்தேன். கடைசியில மனுஷன் ஃப்ளாஸ்க்ல மிச்சமிருந்த டீயைக் கீழ ஊத்திட்டுக் குனிஞ்சு பாத்தார். ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு, டீ எந்தப் பக்கமும் ஓடல, புல்லுக்கு நடுவுல அப்படியே நின்னுச்சு, மேல ஆவி வந்துட்டு இருந்துச்சு. “இங்கதான்”னார். விரல் எல்லாம் நீலமா இருந்துச்சு அவருக்கு.

இப்ப அதெல்லாம் வேணாம், வேல்ஸ் அரசாங்கம் லைடார் டேட்டாவை, அதான் ஃப்ளைட்ல இருந்து லேசர் அடிச்சு எடுத்த அளவுகளை, சும்மாவே குடுக்குது, வீட்ல உக்காந்தே பாக்கலாம். அதுக்காக ஃப்ளைட் சொன்னா வேதவாக்கு இல்ல. ஊசியிலைக் காடு அடர்த்தியா இருந்தா லேசர் தரையைத் தொடாது, ஒரு மீட்டர் கட்டத்துக்கு ஒரு நம்பர்ங்கிறதால உச்சியில துருத்திட்டு நிக்குற பாறை தப்பிப் போகும், பழைய ரோட்டுக்காகக் கணவாயை வெட்டியிருந்தா எது இயற்கையான தரைன்னு ஆள்தான் முடிவு பண்ணணும். பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் எப்படியும் முன்னப்பின்ன இருக்கும். அதனால 29.9 வந்திருந்தா நானே கருவியோட வந்திருப்பேன். உங்களுது அறுபது சென்டிமீட்டர் கம்மி, வாதாட முடியாது. தூக்கிப் போட்டதும் குப்பையில இல்லயே, இருபதுக்கு மேல முப்பதுக்குக் கீழன்னு பக்கத்துலயே ஒரு சப்-லிஸ்ட் இருக்கு, அதுல இருக்கும், போய்ப் பாருங்க.

அடுத்த சனிக்கிழமை பையனை அதே மலைக்குக் கூட்டிட்டுப் போங்க. உச்சி வேணாம், அதைத்தான் பாத்தாச்சே. கணவாய்க்குப் போங்க, மாத்து சாக்ஸ் எடுத்துக்கோங்க, ஒரு ஃப்ளாஸ்க் டீயும். அவனையே ஊத்தச் சொல்லுங்க. எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு எனக்கு எழுதச் சொல்லுங்க, நீங்க எழுதாதீங்க, அவன் எழுதட்டும்.