ஆஸ்கர் கேட்டால் கொடுக்கலாமா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீன் வளர்ப்பு பற்றி நீங்கள் எழுதுவதை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டியில் ஒரு டைகர் ஆஸ்கர் மீன் இருக்கிறது. பத்து மாதத்துக்கு முன்னால் குர்லாவில் வாங்கும்போது இரண்டு அங்குலம், இப்போது எட்டு. முதலில் பெல்லட் (டப்பாவில் வரும் உருண்டைத் தீனி) சாப்பிட்டது. கடைக்காரர், "சின்ன கோல்ட் ஃபிஷ் போடுங்கள், சீக்கிரம் வளரும்" என்றார். அதிலிருந்து தினமும் மூன்று நான்கு கோல்ட் ஃபிஷ். இப்போது பெல்லட்டை வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. மாமனார் அவ்வப்போது கோழித் துண்டும் போடுகிறார். எந்நேரமும் கண்ணாடி ஓரம் வந்து நின்று கேட்கிறது. "வாயில்லா ஜீவன், பட்டினி போட்டால் பாவம்" என்கிறார் மாமா. ஒரு வாரமாக அதன் கண்ணுக்கு மேலே குண்டூசி முனை அளவில் இரண்டு குழி தெரிகிறது. தீனியில்தான் கோளாறா? என்ன கொடுக்க வேண்டும்?

எம்.,
செம்பூர், மும்பை

அன்புள்ள எம்.,

குழி கண்ணில் பட்ட வாரமே எழுதினீர்கள், நல்லது. முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்கரின் தலையில் இயற்கையாகவே சின்னச் சின்னத் துளைகள் உண்டு. தண்ணீரின் அசைவை உணர்வதற்கானவை அவை. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவில், மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஓரம் வெளுத்து, நாளுக்கு நாள் அகலமாகி, உள்ளேயிருந்து வெள்ளையாக நூல் மாதிரி வந்தால் அது தலைக்குழி நோய். அதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. கெட்ட தண்ணீரும் சத்தில்லாத தீனியும் சேர்ந்த தொட்டிகளில்தான் அதிகம் வருகிறது. குடலில் இருக்கும் ஒருவகை ஒட்டுண்ணியும் சில மீன்களில் சேர்ந்துகொள்கிறது. ஆரம்பத்திலேயே தண்ணீரையும் தீனியையும் திருத்தினால் தேறிவர வாய்ப்பு அதிகம். எதுவாக இருந்தாலும் நாளைக் காலை முதல் கோல்ட் ஃபிஷ்ஷை நிறுத்திவிடுங்கள்.

என் முதல் ஆஸ்கரும் கோல்ட் ஃபிஷ் தின்று வளர்ந்ததுதான். அப்போது சயானில் குடியிருந்தோம். நான் வாங்கிய கடையிலும் இதையேதான் சொன்னார்கள். வாராவாரம் பிளாஸ்டிக் பையில் இருபது மீன் பிடித்துக்கொண்டு வருவேன். ஒருமுறை அந்தப் பையோடு வெள்ளைப்புள்ளி நோயும் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து தேறினாலும் பழைய தெம்பு வரவில்லை. மூன்று வயது முடிவதற்குள் போய்விட்டது. நன்றாக வைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கக்கூடிய மீன். அந்தத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாலை எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கோல்ட் ஃபிஷ்ஷின் உடம்பில் தயாமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதைத் தின்னும் மீனுக்குள் போய் பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். எப்போதோ ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அதுவே சாப்பாடு என்றால் சத்துக்குறை நிச்சயம். அப்புறம், தீனிக்கென்று விற்கும் மீன்கள் ஒரே தொட்டியில் நெருக்கியடித்து, அரைப்பட்டினியாகக் கிடப்பவை. அவற்றுக்குள்ளேயே சத்து இல்லாதபோது உங்கள் மீனுக்கு எங்கிருந்து வரும்? சீக்கிரம் வளரும் என்ற பேச்சும் வேண்டாம். குட்டி ஆஸ்கர் நல்ல தண்ணீரும் நல்ல பெல்லட்டும் இருந்தாலே மாதம் ஓர் அங்குலம் வரை வளரும்.

கோழித் துண்டையும் விட்டுவிடுங்கள். கோழி, ஆடு, மாடு இவற்றின் கொழுப்பு மீனின் உடம்புக்குப் பழக்கமில்லாதது. தொடர்ந்து கொடுத்தால் ஈரலில் கொழுப்பு சேரும்.

இனி மாமா. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருகிற வழக்கம் நமக்கு. கண்ணெதிரே ஓர் உயிர் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடினால் பெரியவர்களுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அந்த இரக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆஸ்கர் கேட்பது வேறு, அதற்குப் பசிப்பது வேறு. அமேசான் படுகையில், ஓட்டம் குறைந்த தண்ணீரில், மூழ்கிக் கிடக்கும் கிளைகளுக்கு நடுவே வாழும் மீன் இது. பூச்சி, இறால், நத்தை, சின்ன மீன் என்று கிடைக்கும்போது விழுங்கிக்கொள்ளும். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்பதால் இன்று கண்ணில் பட்டதை விடாது. அந்தக் குணம் தொட்டிக்கு வந்தபின்னும் மாறுவதில்லை. கூடவே, யார் தீனி போடுகிறவர் என்று நன்றாகப் படித்துவிடும். என் வீட்டில் இப்போதிருக்கும் ஆஸ்கர், நான் பெல்லட் டப்பாவின் மூடியைத் திருகும்போதே மேலே வந்துவிடுகிறது. அதே மேசையில் நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தால் அசைவதில்லை. சாப்பிட்டு அரை மணி ஆகியிருந்தாலும் மூடி திரும்பினால் வந்து நிற்கும். மாமாவிடம் இதைச் செய்துகாட்டுங்கள்: வயிறு நிறையப் போட்ட பத்து நிமிடம் கழித்து அவரைத் தொட்டி முன்னால் போய் நிற்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே மாதிரி கேட்கும். வளர்ந்த, ஆரோக்கியமான ஆஸ்கர் ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவையுங்கள். கீழே எழுதப்போவதற்கு அந்தத் தைரியம் தேவைப்படும்.

என்ன கொடுப்பது? முக்கால்வாசி பெல்லட். ஆஸ்கருக்கென்றோ அதன் குடும்பமான சிக்லிட் மீன்களுக்கென்றோ வருவது, மீன்தூள் முதலில் இருக்கும் வகை, 40 சதவீதத்துக்குக் குறையாத புரதம். ஏன் பெல்லட்டையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால் வைட்டமின் சி-க்காக. ஆடு மாடெல்லாம் அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. நமக்கு முடியாது, ஆஸ்கருக்கும் முடியாது. 1998-ல் ஆஸ்கர்களையே வைத்து ஆய்வு செய்து வெளியிட்டார்கள். வைட்டமின் சி இல்லாத தீனி தின்ற மீன்களுக்கு நாளடைவில் செவுள் மூடியும் தாடையும் கோணின, கண்ணிலும் துடுப்பிலும் ரத்தம் கசிந்தது, முதுகெலும்பு வளைந்தது.

இந்த வைட்டமின் காற்றிலும் ஈரத்திலும் வெளிச்சத்திலும் அழியக்கூடியது. அதனால் கடையில் கிலோக் கணக்கில் பிரித்து, கவரில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பெல்லட்டை வாங்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் அது எப்போது திறந்தது, எத்தனை மாதம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. சீல் உடையாத சின்ன டப்பாவாக, தேதி பார்த்து வாங்குங்கள். திறந்தபின் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் அப்பளமே நமுத்துப்போகிறது, பெல்லட் எம்மாத்திரம்? இறுக்கமாக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பூஞ்சை வாசம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மென்மையாகட்டும் என்று அரை மணி நேரம் ஊறவைக்கிறார்கள் சிலர். வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போய்விடும். ஒரு நிமிடம் நனைத்தால் போதும்.

மீதிக் கால்வாசிக்கு இறால். மார்க்கெட்டில் மீன் விற்கும் கோலி அம்மாக்களிடம் 'கோலம்பி' என்று கேட்டு, சின்னதாக, புதியதாக, உப்பும் மஞ்சளும் படாததாக வாங்குங்கள். தலையையும் கூரான முள்ளையும் எடுத்துவிட்டு, ஓட்டோடு நறுக்குங்கள். ஓட்டில் இருக்கும் நிறச்சத்துதான் ஆஸ்கரின் ஆரஞ்சு வரிகளுக்கு நல்லது, குடலுக்கும் கொஞ்சம் நார் போலாகும். என் மீனுக்கு இறால் துண்டு போட்டால் உடனே விழுங்காது. உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, மறுபடி இழுத்துத் தொண்டைப் பற்களால் அரைக்கும். செவுள் வழியாக ஓட்டுத் துணுக்குகள் புகை மாதிரி வெளியே வரும். அதை அரித்து எடுத்துவிடுங்கள், அங்கேயே அழுகக்கூடாது. ஜூன், ஜூலையில் கடலுக்குப் போகத் தடை இருப்பதால் மே மாதமே வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீஸரில் போட்டுக்கொள்ளலாம். பூச்சிமருந்து படாத தோட்டத்து மண்புழு கிடைத்தால் அருமை. சாக்கடைச் சேற்றில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு வேண்டாம். வாரம் ஒருமுறை வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி இரண்டு போட்டுப் பாருங்கள். தின்றால் மலச்சிக்கலுக்கு நல்லது.

"இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்கர் விஷயத்தில் அது சரிவராது, அரை நிமிடத்தில் ஒரு கைப்பிடியை உள்ளே தள்ளிவிடும். எண்ணித்தான் போட வேண்டும். இதே எட்டு அங்குலத்தில் என் மீனுக்கு நான் காலையில் பெரிய பெல்லட் எட்டு, மாலையில் ஐந்து கொடுத்தேன். வாரத்தில் ஒருநாள் ஒன்றுமில்லை. பத்து அங்குலம் தாண்டியதும் ஒருவேளைதான்.

துப்புகிற பழக்கத்துக்கு வழி ஒன்றுதான். மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். நாலாம் நாள் இறால் சாற்றில் நனைத்த பெல்லட் நான்கு. துப்பினால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு மறுநாள் மறுபடி. நடுவில் யாரும் மனமிரங்கி ஒரு துண்டு கோழி போட்டால் எல்லாம் முதலிலிருந்து. என் மீன் ஆறாம் நாள் இறங்கிவந்தது. அதற்கு முந்தின நாள் முழுக்க மூலையில் சாய்ந்து படுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபித்துக்கொள்ளும் மீன் இது, பயந்துவிடாதீர்கள். ஒரு வாரம் தாண்டியும் எதையும் தொடாமல் வயிறு ஒட்டினால் மட்டும் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

தின்றதெல்லாம் கடைசியில் அம்மோனியாவாகத் தண்ணீரில்தான் கலக்கிறது. உங்கள் மூன்றடித் தொட்டியில் 100 லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இந்த மீனுக்கு நாலடி நீளமும் 280 லிட்டரும் வேண்டும். இந்த வருடத்துக்குள் ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை வாரம் இரண்டுமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மில் பிடித்து, ஆன்டி-குளோரின் (குளோரினை முறிக்கும் மருந்து) விட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

பெல்லட் எண்ணிப் போடும் வேலையை மாமாவிடமே விடுங்கள். ஏழு சின்ன டப்பாவில் ஏழு நாளுக்கும் அவரே எண்ணி வைக்கட்டும், ஒன்று காலியாக. இன்று அந்தக் குழிகளைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று எடுத்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்
அண்ணா