குளோரின் போட்ட தண்ணீரைக் குடித்தும் வீட்டில் வயிற்றுப்போக்கு வருவது ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்: கலங்கல், பழைய பவுடர், டம்ளர்.

கலங்கல் தண்ணீரில் உள்ள மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. எனவே முதலில் தெளியவைத்து, பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டுங்கள். புதுத் துணியைவிடப் பழையதே மேல், துவைத்துத் துவைத்து இழைகள் நெருங்கியிருக்கும். வங்கதேசக் கிராமங்களில் இந்த வடிகட்டல் மட்டுமே காலராவைப் பாதியளவுக்குக் குறைத்தது.

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் அதில் சுமார் 33 சதவீதம் குளோரின். திறந்த பொட்டலம் காற்றுப்பட்டு வீரியம் இழந்துவிடும், கட்டிதட்டியதை வாங்காதீர்கள். 15 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் நிறப் பாட்டிலில் மூடி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 20 லிட்டருக்கு இதில் ஒரு டீஸ்பூன் (5 மி.லி.), இன்னும் லேசாகக் கலங்கியிருந்தால் இரண்டு. கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு முகர்ந்தால் மெல்லிய குளோரின் வாடை வரவேண்டும். வரவில்லையென்றால் மறுபடி அதே அளவு ஊற்றி இன்னொரு அரை மணி காத்திருங்கள். அந்த வாடையைத்தான் பலர் குறை என்று நினைக்கிறார்கள்!

கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிக்குக் குளோரின் பலிக்காது. கைக்குழந்தையோ நோய் எதிர்ப்பு குறைந்தவரோ இருந்தால், தளதளவென்று கொதிக்கவைப்பதே சரி.

டம்ளரைக் கையோடு பானைக்குள் விட்டு மொண்டால் எல்லாம் வீண். குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள்.