கொந்தளிப்புக் காலத்தில் கேமரா ஏன் வீட்டுக்குள் போகிறது?

நாடே பற்றி எரியும்போது ஆவணப்படக்காரர்கள் ஏன் தலைவர்களை விட்டுவிட்டுச் சாதாரணக் குடும்பங்களை எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தெருவில் நடப்பதைச் செய்திச் சேனல்கள் எடுத்துவிடும், ஆனால் அது ஒரு வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பது மாதக்கணக்கில் கூடவே இருப்பவர் கண்ணில்தான் படும்.

'ஃபார் சாமா' (2019) ஆவணப்படத்தைப் பாருங்கள். சிரியாவின் அலெப்போ நகரில் வாத் அல்-கதீப் என்ற பெண் பல ஆண்டுகள் எடுத்த காட்சிகள். கணவர் மருத்துவர், மருத்துவமனையிலேயே குடித்தனம். வெளியே குண்டு விழுகிறது, கைக்குழந்தையோ அழுவதே இல்லை. மற்ற குழந்தைகளைப் போல நீ அழுவதில்லையே என்று தாயே மகளிடம் சொல்கிறார். எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தைவிடவும் அதுதான் போர் என்றால் என்ன என்று புரியவைத்தது.

அப்புறம், இதில் ஆபத்து கேமராவுக்கு முன்னால் மட்டும் இல்லை. 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அந்த நாட்களைப் படமாக்கிக்கொண்டிருந்த ஆவணப்பட இயக்குநர் பத்ரிசியோ குஸ்மானைப் பிடித்துத் தேசிய விளையாட்டரங்கில் அடைத்தார்கள். படச்சுருள்கள் எப்படியோ நாட்டைவிட்டு வெளியேறின, ஆனால் அவருடைய ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் 1974-இல் காணாமலாக்கப்பட்டார், திரும்பவே இல்லை.

அதனால் நீங்கள் எடுக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் வாங்கிய சம்மதம் போதாது. படத்தொகுப்பு முடிந்ததும் அந்தக் குடும்பத்திடம் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள், ஏனென்றால் அதற்குள் ஆட்சியே மாறியிருக்கலாம், அன்று தைரியமாகப் பேசியவர் இன்று முகத்தை மறைக்கச் சொல்லலாம்.