தரைக்கு மாற்றிய செம்பருத்தி இலை கொட்டினால்

தரைக்கு மாத்தின செம்பருத்தி இலை கொட்டுது, திரும்பத் தொட்டிக்கே மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. திரும்பப் பிடுங்கித் தொட்டியில வைக்காதீங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி தரைக்கு மாத்தின செம்பருத்தி கொஞ்ச நாள் இலை கொட்டும். வேர் அறுபட்டதால வர்றது. நகத்தால தண்டைச் சுரண்டிப் பாருங்க, உள்ளே பச்சை இருந்தா உயிர் இருக்கு. கிளை நுனியை மூணுல ஒரு பங்கு வெட்டி, மொட்டையும் கிள்ளிடுங்க. பூவுக்கு ஆசைப்படுற நேரமா இது?

என் சந்தேகம் தண்ணி மேலதான். திருவொற்றியூர்ல கடலோரத் தெரு, ஊத்துறது போர் தண்ணின்னு சொல்றீங்க. இலை ஓரம் கருகியிருந்தா உப்பு காரணமா இருக்கலாம். ஒரு வாரம் மெட்ரோ (குடிநீர் வாரிய) தண்ணியோ, பிடிச்சு வச்ச மழைத்தண்ணியோ ஊத்திப் பாருங்க. துளிர் வர்ற வரை உரம் வேண்டாம்.

ஆனா மழை வலுத்து அடியில தண்ணி தேங்கினா இதெல்லாம் பலிக்காது, வேர் அழுகிடும். இப்பவே சுத்தி மண்ணை மேடாக்கி வடிகால் விடுங்க. கூட்டின சருகைத் தண்டோட ஒட்டிக் குவிக்காதீங்க.