பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போகச் சரியான வயது எது?

தனியாகப் போவது என்றால் வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் எல்லாவற்றையும் பெற்றோர் கையை எதிர்பார்க்காமல் சமாளிப்பது. (அப்பா பணம் கட்டும் ஹாஸ்டல் இதில் சேராது!)

இதற்கென்று ஒரே வயது கிடையாது. ஐரோப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் 2023 கணக்குப்படி, பின்லாந்துப் பிள்ளைகள் சராசரியாக 21.4 வயதில் கிளம்பிவிடுகிறார்கள். குரோஷியாவில் அது 31.8. பத்து வருஷ வித்தியாசத்துக்குக் காரணம் குணமோ வளர்ப்போ மட்டுமல்ல, பெரும்பாலும் பணம்தான். பின்லாந்தில் படிக்கும்போதே அரசு உதவித்தொகை வரும், வாடகைக்கும் உதவி உண்டு. குரோஷியாவில் பெரும்பாலானோர் இருப்பது சொந்த வீட்டில். வாடகை வீடு குறைவு. இளைஞர்களுக்கு நிரந்தர வேலையும் சுலபத்தில் அமையாது.

நாற்று நடுவது மாதிரிதான். நாளை மட்டும் எண்ணிப் பிடுங்க மாட்டோம். வேர் பிடித்திருக்கிறதா, வயலில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்ப்போம். என்னைக் கேட்டால், வீட்டு அட்வான்ஸ் கொடுத்த பிறகும், வேலை போனால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தால் கிளம்பலாம்.

மேலைநாடுகளில் 18 வயதானதும் எல்லோரும் வெளியேறிவிடுவார்கள் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். 18 அங்கே மேஜர் ஆகும் வயது, அவ்வளவுதான். அதே 2023 கணக்கில், பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் வயதின் ஐரோப்பிய ஒன்றியச் சராசரியே 26.3.