ஆறு மாதக் குழந்தைக்கு வேர்க்கடலை கொடுத்தால் அலர்ஜி வந்துவிடுமா?

பயந்து தள்ளிப்போடுவதுதான் வம்பு. "மூன்று வயதுவரை வேண்டாம்" என்பதெல்லாம் பழைய அறிவுரை. கடுமையான எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த லீப் ஆய்வு, 2015-இல் அதைப் புரட்டிப் போட்டது. ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி. சாப்பிட்டு வந்தவர்களில் 3.2 சதவீதம்தான்.

முழுக்கடலை மட்டும் கூடவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வறுத்துத் தோல் நீக்கி, மைய அரைத்து, வெந்நீரில் நெகிழக் கரைத்து, ஆறியதும் கரண்டி நுனியளவு கொடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். உதடு வீங்கவில்லை, தடிப்பு இல்லை என்றால் சரி, மீதியை மெதுவாகக் கொடுக்கலாம். அப்புறம் வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் தொடர வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எக்ஸிமா கடுமையாக இருந்தாலோ முட்டை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.